லண்டனுக்குப் போய்ப் பால்மரம் பார்த்தவர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தோழிகளோடு தூரதேசம் போய் வந்த கதையைப் பத்து நிமிடத்தில் வானொலியில் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கத்திப் பழகியவளுக்குப் பத்து நிமிடம் வருகைப் பதிவு எடுக்கவே போதாது. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். ஒரே ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே ஆயாக்கொட்டகையில் ஒரே தொட்டிலுக்கு அடித்துக்கொண்டவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயமும் போய், இப்போது டவுனில் ஆளுக்கொரு தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறோம். ஒருத்தி ஓய்வு பெற்ற தாதி. ஒருத்தி துணிக்கடை வைத்திருக்கிறாள். இருவர் என்னைப் போல ஆசிரியைகள். ஆறாவது எங்கள் பெரியக்கா. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

மாதம் முந்நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், வீதம் மூன்று ஆண்டுகள் கூட்டு என்கிற சீட்டுக் கட்டினோம். 2019 ஜூன் மாதம் கிளம்பினோம். லண்டனில் ஒன்பது நாள், சுவிட்சர்லாந்தில் நான்கு நாள் என்று திட்டம். ஏஜென்ட் வேண்டாம், கொடி பிடித்தவன் பின்னால் ஓட வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான்தான். அந்தச் சொல்லுக்காக இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

விமானத்தில் பதின்மூன்றரை மணி நேரம். நம் ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ்ஸில் போனாலே காலை நீட்ட இடம் தேடுகிறவர்கள் நாங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை தாதி எங்களை எழுப்பி நடக்க வைத்தாள். அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் தேங்கும், சில சமயம் கட்டிக்கொள்ளும், அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று அரைத்தூக்கத்தில் பாடம் வேறு. இருட்டில் ஆறு பெண்கள் வரிசையாக நடப்பதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கை தட்டியது. பெரட்டுக்கு, தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற மாதிரி இருக்கிறது என்றார் பெரியக்கா.

தோழிகளோடு போனால் சண்டை வருமா என்று பலர் கேட்கிறார்கள். வரும். எங்கள் சண்டைகளை மணி பார்த்து எழுதியிருந்தால், எல்லாமே காலை பதினொன்றரைக்கும் பகல் ஒன்றரைக்கும் இடையில் விழுந்திருக்கும். பசி நேரம். ஒருத்திக்கு ரொட்டி இறங்காது. ஒருத்தி செவ்வாய், வெள்ளி சைவம். துணிக்கடைக்காரி எந்த விலையைப் பார்த்தாலும் ஐந்தரையால் பெருக்கி, "இந்தக் காசுக்கு நம் ஊரில் ஆறு பேரும் வாழை இலை போட்டுச் சாப்பிடலாம்" என்பாள். அன்று ஒரு பவுன் ஐந்து வெள்ளிக்கு மேல். அவள் பெருக்கி முடிப்பதற்குள் மற்றவர்களுக்குக் கோபம் வந்துவிடும். ஆகவே நான் சொல்வது, கைப்பையில் முறுக்கு வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அடுத்தது முறுக்கு.

பொதுச் செலவுக்கு ஆளுக்கு நூறு பவுன் போட்டு, பழைய பிஸ்கட் டின்னில் வைத்தோம். கணக்கு தாதியிடம். அவள் அதற்கென்று ஊரிலிருந்து 555 நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருந்தாள். தோட்டத்துக் கடையில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் கடன் எழுதிய அதே சின்னப் புத்தகம். லண்டன் சுரங்க ரயிலில் உட்கார்ந்து, நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டி, "தேநீர், பெரியக்கா, ஒரு பவுன் எண்பது" என்று எழுதுவாள். ஒருவர் கையில் டின், ஒருவர் கையில் பேனா என்று இருந்ததால் பணத்தால் எங்களுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. கோடையில் லண்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். அங்கே அதிகாலை மூன்று என்றால் நம் வயிற்றுக்குக் காலை பத்து. முதல் நான்கு நாளும் ஆறு பேரும் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டோம். பொழுதோ ஒன்பது மணி தாண்டித்தான் சாயும். அந்திக்கு விளக்கேற்றிய பிறகுதான் சோறு என்ற விரதக்காரி ஒருத்தி எங்களில் உண்டு. ஒன்பது மணி வெயிலைப் பார்த்து அவள் அழாத குறை.

மூன்று மணிக்கு எழுந்து என்ன செய்வது? ஒரே அறையில் கூடுவோம். பெரியக்கா மகனுக்குத் தெரியாமல் சோற்றுப்பானை கொண்டு வந்திருந்தார், மின்சாரப் பானை. நம் நாட்டுப் பிளக்கும் அவர்கள் நாட்டுப் பிளக்கும் ஒன்றே, மூன்று தட்டைக் கால். வெள்ளைக்காரன் விட்டுப்போனவற்றில் இது ஒன்றாவது உதவியது. சோறு கொதித்தது. நெத்திலிச் சம்பலைச் சூடாக்க வேண்டும் என்று யாரோ ஆசைப்பட, மூடியின் மேல் கிண்ணத்தை வைத்தோம். நீராவி நேராகக் கூரைக்குப் போனது. கூரையில் இருந்த வெள்ளை டப்பா அலற ஆரம்பித்தது. நான்காம் மாடியில், இரவு உடையில், ஆறு பெண்கள் துண்டை வீசிக்கொண்டு நிற்கிறோம். காவலர் கதவைத் தட்டினார். பெரியக்கா கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டே ஒரு தட்டை நீட்டினார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டார் நேயர்களே! சம்பல் காரத்தில் கண் கலங்கிப் போனார், புகார் எழுதவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் தோழிகள் கேட்டுக்கொண்டிருந்தால், "ஆரம்பித்துவிட்டாள்" என்பார்கள். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். கியூ தோட்டம், லண்டனில் இருக்கிற தாவரத் தோட்டம்.

அரண்மனை, மணிக்கூண்டு, பாலம் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஐந்தாம் நாள் மற்றவர்கள் கடைத்தெரு என்றார்கள், நான் கியூ என்றேன். "செடி பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்? நம் வீட்டுப் பின்னால் இல்லாத செடியா?" என்றாள் துணிக்கடைக்காரி. ஒரு மணி நேரம் வாக்குவாதம், மணி சரியாகப் பதினொன்றே முக்கால். முறுக்கைக் கொடுத்துச் சமாளித்து அழைத்துப் போனேன்.

ஏன் அத்தனை பிடிவாதம்? 1876இல் விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி அந்தக் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். ரப்பர் விதை எண்ணெய்ப் பசை உள்ளது, சில வாரத்தில் செத்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். முளைத்தவை சுமார் 2,700. பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒரு பகுதியைப் பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக, இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரம்! அக்காலத்து மரம் ஒன்று நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

பிறகு ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டியவர். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு, காப்பி நட்டவர்களிடம் ரப்பர் நடச் சொல்லிக் கெஞ்சியதால் பைத்தியக்காரர் என்று பெயர் வாங்கினார். நூறு வயது வரை இருந்து, 1956இல் அதே கியூவில்தான் இறந்தார். அந்தப் பைத்தியம் பலித்ததால்தான் என் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். எங்கள் குடும்பக் கதையின் முதல் பக்கம் அந்த ஊரில் கிடக்கிறது, நான் போகாமல் இருப்பேனா?

உள்ளே பெரிய கண்ணாடி வீடு, 1848இல் கட்டி முடித்தது. இரும்பு விட்டமும் கண்ணாடியுமாக, கவிழ்த்த கப்பல் போல. கதவைத் திறந்ததும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வாசம்தான் முதலில் வந்தது. ஈர மண்ணும் மக்கின இலையும் கலந்த வாசம். விடிகாலை ரப்பர் மர நிரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஐந்து நாளாகக் குளிரில் சுருண்டிருந்த ஆறு பேரும் கம்பளிச் சட்டையைக் கழற்றினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், பெரியக்கா ஏற்கெனவே மரத்தடியில் நிற்கிறார். மும்மூன்றாக இலை, பெயர்ப்பலகை. பலகையை அவர் படிக்கவில்லை. பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாருமே வெட்டவில்லையே" என்றார்.

அத்தனை ஆண்டுகள் ரப்பர் காட்டில் இருந்தவர், வெட்டுப்படாத வளர்ந்த மரத்தை அவர் பார்த்ததே இல்லை. தொடாமல், ஒரு சாண் தள்ளி, கை தானாக இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிந்தது, உளி பிடித்த கோணத்தில். திரும்பவும் ஒரு முறை. பால் வடிகிற மங்கு வைக்கிற இடத்தில் வந்து விரல்கள் நின்றன. துணிக்கடைக்காரி ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள்தான், சின்ன வயதில் ரப்பர்க் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து என் முழங்கையில் சூடு வைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். தழும்பு இருக்கிறதா என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். இல்லை.

இந்த வானொலி அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மிச்சமாம். சுவிட்சர்லாந்துக்காக நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுங்ஃபிராவ் மலை ரயில், பதினாறு ஆண்டுகள் மலையைக் குடைந்து 1912இல் முடித்தது. நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில். டிக்கெட் விலையைத் துணிக்கடைக்காரி பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று தடை போட்டோம். மேலே காற்று மெலிந்திருக்கும், மெதுவாக நடங்கள் என்று தாதி சொன்னாள், சொன்னவளுக்கே தலை சுற்றியது. முக்கால் மணி நேரம் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கழிப்பறைக்குப் போகவும் சில இடங்களில் காசு, உள்ளே குழாயும் கிடையாது, தண்ணீர்ப் புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். திரும்பும்போது பெட்டியில் எடை மிஞ்சி, சோற்றுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது தனிக் கதை.

டின்னில் மீதி ஆறு பவுன் நாற்பது. இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அந்தத் தேநீர்க் காசு ஒரு பவுன் எண்பதைப் பெரியக்கா கொடுத்தபாடில்லை. 555இல் அடிக்காமல் வைத்திருக்கிறாள் தாதி. அடுத்த முறை பிரேசிலுக்குப் போகும்போது தருகிறேன் என்கிறார் பெரியக்கா. கூட்டு ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது.

விளக்கு எரிகிறது. வணக்கம், நேயர்களே.