குரூப்பா டிரெக்கிங் போறீங்களா? எல்லார் பேக்கையும் ஒண்ணா உக்காந்து கட்டுங்க

வணக்கம் நேயர்களே. ஆறேழு பேரா சேர்ந்து மூணு நாலு நாள் மலையில நடக்கப் போறாங்க, அதுக்கு எப்படி தயாராகறது, பேக்கை எப்படி லேசா கட்டறதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

தனியா போறவர் எல்லாத்தையும் அவரே சுமந்துதான் ஆகணும். குரூப்புக்கு இருக்கற பெரிய வசதியே சுமையைப் பங்கு போட்டுக்கலாம்ங்கறதுதான். ஆனா நிறைய குரூப்ல டிக்கெட், ரூட்டு, தேதி எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல நாள் கணக்கா பேசுவாங்க, பேக்கை மட்டும் ஆளாளுக்கு அவங்கவங்க வீட்ல தனியா கட்டிட்டு வந்துடுவாங்க. அடிவாரத்துல வந்து பிரிச்சுப் பாத்தா மூணு ஸ்டவ் இருக்கும், ஆளுக்கொரு டூத்பேஸ்ட் இருக்கும், வாட்டர் ஃபில்டர் ஒண்ணு கூட இருக்காது, ஏன்னா அதை வேற யாராவது கொண்டு வருவாங்கன்னு எல்லாருமே நினைச்சிருப்பாங்க.

அதனால கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லாரும் ஒரு இடத்துல கூடுங்க, கொண்டு வர நினைச்ச எல்லாத்தையும் தரையில பரப்புங்க. லக்கேஜை மாட்டித் தூக்கிப் பாக்கற சின்ன தராசு ஒண்ணு இருந்தா போதும். முதல்ல பொதுச் சாமானைத் தனியா ஒதுக்குங்க, டென்ட், ஸ்டவ், கேஸ், பாத்திரம், ஃபில்டர், முதலுதவிப் பெட்டி, சன்ஸ்க்ரீன், பவர் பேங்க், இதெல்லாம் ஆளுக்கொண்ணு தேவையே இல்ல. ரெண்டு பேர் டென்ட்னா துணியை ஒருத்தரும் கம்பி, ஆணியை இன்னொருத்தரும் எடுத்துக்கலாம், ஆனா அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கறவங்களா இருக்கணும், இல்லன்னா சாயங்காலம் மழையில துணியை வச்சுக்கிட்டு கம்பிக்காகக் காத்துக்கிட்டு நிக்கணும்.

அடுத்து பங்கு பிரிக்கறது. இங்கதான் பல பேர் ஆளுக்கு இத்தனை கிலோன்னு சமமா பிரிச்சு, அதை நியாயம்னு நினைச்சுக்கறாங்க. பல நாள் நடைக்கு பேக்கோட எடை உடம்பு எடையில 20 சதவீதத்தைத் தாண்டாம இருக்கறது நல்லதுன்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. 80 கிலோ ஆளுக்கு அது 16 கிலோ, 50 கிலோ ஆளுக்கு 10 கிலோதான். ரெண்டு பேருக்கும் 13, 13னு கொடுத்தா ஒருத்தர் சாதாரணமா நடப்பார், இன்னொருத்தர் மத்தியானத்துக்குள்ள தளந்துடுவார், அவர் தளந்தா மொத்த குரூப்பும் அவரோட வேகத்துலதான் போயாகணும். 1892ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி நடக்க எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்ன கணக்கு இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு, சமதளத்துல மணிக்கு 5 கிலோமீட்டர், அதுக்கு மேல ஏர்ற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூட ஒரு மணி நேரம். குரூப்புக்கு இதை விடக் கூடத்தான் ஆகும், அதனால யாருக்கு நடை கஷ்டமோ அவங்க சுமையை முதல்ல குறைங்க. இன்னொண்ணு, முதல் நாள் சாப்பிடப் போற சாப்பாட்டை அவங்க பேக்ல வச்சுடுங்க, முதல் ராத்திரியே அவங்க பேக் லேசாயிடும். அப்புறம் தினமும் சாயங்காலம் மீதி இருக்கறதைத் திரும்பப் பிரிச்சுக்கங்க.

சொந்தச் சாமான்ல எடை ஒளிஞ்சிருக்கறது பெரும்பாலும் துணியிலதான். நடக்க ஒரு செட், ராத்திரி காஞ்ச உடம்போட தூங்க ஒரு செட், குளிருக்கு ஒரு ஜாக்கெட், மழைக்கு ஒண்ணு, சாக்ஸ் மட்டும் ஒரு ஜோடி கூட, அவ்வளவு போதும். காட்டனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், வேர்வையையும் மழையையும் குடிச்சுட்டு லேசில காயாது, குளிர்ல அது ஆபத்து. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதனால வழியில எங்க தண்ணி கிடைக்கும்னு முன்னாடியே விசாரிச்சுட்டா அடுத்த இடம் வரைக்கும் தேவையானதை மட்டும் தூக்கலாம். ஃபில்டர் மக்கர் பண்ணா கொதிக்க வைங்க, ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சா போதும், 2000 மீட்டருக்கு மேல மூணு நிமிஷம்.

எம்மா கேட்வுட்னு ஒரு அமெரிக்கப் பாட்டி, 1955ல 67 வயசுல, தானே தைச்ச ஒரு துணிப்பையைத் தோள்ல போட்டுக்கிட்டு 3000 கிலோமீட்டருக்கு மேல நீளமான அப்பலாச்சியன் பாதையை தனியாளா நடந்து முடிச்சாங்க. டென்ட் கிடையாது, மழைக்கு குளியலறைத் திரை. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை உண்டு, ஆனா அதைக் கேட்டுட்டு மழை ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வீட்ல விட்டுட்டு வராதீங்க. ஹெட் லேம்ப், விசில், மழை ஜாக்கெட், கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் சாப்பாடு, சொந்த மருந்து, இதுல பங்கே கிடையாது, ஒவ்வொருத்தர் பேக்லயும் இருந்தே ஆகணும். பனிமூட்டத்துல குரூப் ரெண்டா பிரிஞ்சா, இருக்கற ஒரே லைட்டு அந்தப் பக்கம் போயிடும்.

கட்டும்போது ஸ்லீப்பிங் பேக் அடியில, கனமானது நடுவுல முதுகை ஒட்டி, மழை ஜாக்கெட் மேல. உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் வைங்க, வெளியில போடற ரெயின் கவர் மட்டும் இருந்தா முதுகுப் பக்கமா தண்ணி இறங்கிடும். மாட்டும்போது தோள்பட்டை வாரை லூசா விட்டு, இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பு மேல வச்சு இறுக்குங்க, அப்புறம்தான் தோள் வாரை இழுக்கணும். பாரம் முக்காவாசி இடுப்புல இறங்கும், தோளுக்கும் வாருக்கும் நடுவுல விரல் லேசா நுழையும், அப்படி இருந்தா சரி.

கட்டி முடிச்சதும் அப்படியே எல்லாரும் மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வாங்க, பக்கத்துல மேடோ படிக்கட்டோ இருந்தா இன்னும் நல்லது. புது ஷூ கடிக்குதா, யாருக்கு மூச்சு வாங்குதுன்னு அங்கேயே தெரிஞ்சுடும், அப்பவே சாமானை மாத்திக்கலாம். காலில எங்கயாவது சூடா எரியற மாதிரி இருந்தா கொப்புளம் வரதுக்கு முன்னாடியே டேப் ஒட்டிடணும், மலையிலயும் இதேதான், அஞ்சு நிமிஷம் நிக்க யாரும் கூச்சப்படக் கூடாது. யார்கிட்ட எது இருக்குங்கற லிஸ்டை பேப்பர்ல எழுதி ஆளுக்கொரு காப்பி வச்சுக்கங்க, மேல சிக்னல் இருக்காது. போற ரூட்டையும் திரும்பற நாளையும் வீட்ல ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. நன்றி, வணக்கம்.