இடி விழுந்த தென்னையில் இரண்டு தலைகள்

வணக்கம். எனக்கு மூச்சு வாங்குவது கேட்கிறதா? வரப்பில் ஓடி வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பின்னால் தலையில்லாமல் நிற்கிறதே, அந்தத் தென்னைதான். 2018-இல் கஜா புயல் பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்தபோதும் தப்பிய மரம். போன ஐப்பசியில் இடி விழுந்து மொட்டையாகிவிட்டது. பிப்ரவரியில் பொன்முதுகு மரங்கொத்தி ஜோடி ஒன்று அதைக் கொத்தத் தொடங்கியது. உச்சி முழுக்கச் சிவப்பாக இருந்தால் ஆண். முன்நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளியாக இருந்து, பின்னால் மட்டும் சிவந்திருந்தால் பெண்.

முதல் பொந்து அவற்றுக்கு வாய்க்கவில்லை. பத்து நாள் குடைந்து முடித்த மறுநாளே மைனாக்கள் வைக்கோலும் பிளாஸ்டிக் தாளும் திணித்துக் குடியேறிவிட்டன. எனக்குத்தான் கோபம். மரங்கொத்திகள் நான்கு முழம் கீழே இறங்கி மறுபடி குடைந்தன. உள்ளே போய், வாய் நிறையத் தூளோடு தலையை நீட்டி, இடமும் வலமுமாக உதறும். மரத்தடியில் ரம்பத்தூள் கொட்டியதுபோல் கிடந்தது. மெத்தை எதுவும் கிடையாது. அந்தத் தூள்மேல்தான் முட்டை.

"முட்டையைக் காட்டுங்கள்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கவும், பொந்துக்குள் கேமராவை விடமாட்டேன். தூரத்தில் உட்கார்ந்தே பாதி தெரிந்துவிடும். மார்ச் 5 முதல் ஆணும் பெண்ணும் முறைவைத்து உள்ளே போயின. அடைகாப்பு சுமார் 11 நாள். மார்ச் 16 அன்று உள்ளே போன பறவை உடனே வெளியே வந்தது. அடுத்தது போனது, அதுவும் உடனே வந்தது. அடைகாக்க உட்காரவில்லை, இரை கொடுத்துவிட்டுத் திரும்புகின்றன; குஞ்சு பொரித்துவிட்டது என்று நோட்டில் எழுதினேன். போன வாரம் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

தோப்பு மாமாவுக்கு இந்த மரத்தை வெட்டியாக வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்து மரங்களின் குருத்தைக் குடையும். "உன் குருவிக்காக என் தோப்பைக் கொடுக்கவா?" என்று கேட்டார். நியாயம்தான். குஞ்சு பறக்கும்வரை மட்டும் தவணை வாங்கியிருக்கிறேன்.

இன்று ஏப்ரல் 5. காலை ஏழரைக்கு ஒரு குஞ்சு பொந்து விளிம்பில் தொற்றி நின்றது. தாய் பக்கத்து மரத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தது, இரையோடு வரவே இல்லை. திடீரென்று குஞ்சு விழுவதுபோல் பறந்து, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தண்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பின்தொடர்ந்துதான் ஓடினேன். ஒரு குஞ்சு பறந்தாலே கூடு வெற்றி என்று கணக்கில் எழுதலாம். நான் இன்னும் எழுதவில்லை.

மாமா இப்போதுதான் போன் செய்தார், நாளை ஆளை வரச் சொல்லட்டுமா என்று. கேமராவைக் கொஞ்சம் நெருக்குகிறேன்... பொந்தைப் பாருங்கள். அலகு தெரிகிறதா? இரண்டாவது உள்ளேதான் இருக்கிறது. இரண்டு நாள் பொறுங்கள் மாமா என்றேன்.