ஃபிட்ஸ் மருந்துக்கு ரத்த டெஸ்ட்: ரிப்போர்ட்டில் 31 வந்த கதை

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? சரி, கேட்கிறது. பின்னால் குக்கர் விசில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பருப்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக் காலையில் பையனுக்கு ட்ரக் லெவல் டெஸ்ட். ஃபிட்ஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட். இதைப் பற்றிப் பேசச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஏழு வயதுப் பையனுக்கு மூன்று வருடமாக வலிப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மா, அவ்வளவுதான். நான் சொல்லும் எண்கள் என் பையனுடையவை. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து.

கதைக்கு வருகிறேன். அவனுக்கு நாலு வயதில் ஆரம்பித்த முதல் மருந்து ஃபெனிடாயின். ரொம்பப் பழைய மருந்து. 1938இல் மெரிட், புட்னம் என்று இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இது வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னார்கள். இன்றைக்கும் நம் ஊரில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் கிடைக்கும். சின்னக் குழந்தை என்பதால் எங்களுக்குப் பாட்டிலில் வரும் மருந்து. எல்லோரும் அதை சிரப் என்றுதான் சொல்வோம். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன், பிறகு சொல்கிறேன்.

மருந்து ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. புது பாட்டில் உடைத்து ஒரு வாரம் இருக்கும். டாக்டர் லெவல் எடுக்கச் சொன்னார். 8 வந்தது. ஒரு மில்லி சீரத்தில் 8 மைக்ரோகிராம் என்று அர்த்தம். ஃபெனிடாயினுக்கு 10 முதல் 20 வரை என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கும். “கொஞ்சம் கம்மியா இருக்கும்மா” என்று சொல்லி அளவைக் கொஞ்சமாகத்தான் கூட்டினார். வேளைக்கு ஒரு மில்லிகூட இல்லை.

பத்து நாள் போயிருக்கும். பையன் நடை தள்ளாட ஆரம்பித்தது. கூடத்திலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் சுவரை இரண்டு தடவை பிடித்துக்கொண்டான். எங்கள் அத்தை, என் மாமியார், “பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு” என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். ஓரமாகப் பார்க்கச் சொன்னால் கருவிழி ஒரு இடத்தில் நிற்கவில்லை, துடித்துத் துடித்துத் திரும்பியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு வந்த லெவல்தான் தலைப்பில் போட்டிருக்கும் 31.

நான் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். “இத்தனூண்டு கூட்டினதுக்கு எப்படி சார் எட்டு, முப்பத்தொண்ணு ஆகும்?” அவர் கோபப்படவில்லை. “கல்யாணப் பந்தி பாத்திருக்கீங்கல்ல?” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு மண்டபத்தில் பந்திக்கு நூறு இலைதான் போட முடியும். எண்பது பேர், தொண்ணூறு பேர் என்று வரும்வரை பிரச்சினை இல்லை, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு பந்திக்கும் நூற்றுப் பத்து பேர் வந்தால்? பத்து பேர்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து பேர் வாசலில் நிற்பார்கள். அடுத்த பந்தியில் இன்னும் பத்து, அதற்கடுத்து இன்னும் பத்து. கொஞ்ச நேரத்தில் வாசல் கொள்ளாது. ஃபெனிடாயினைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிக்கு இலை அவ்வளவுதான். அது நிரம்பும் வரைக்கும் மருந்தைக் கூட்டினால் லெவலும் ஒழுங்காகக் கூடும். நிரம்பிய பிறகு சொட்டு கூடினாலும் லெவல் எங்கேயோ போய்விடும். மற்ற வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் இப்படி இல்லை. அதனால்தான் ஃபெனிடாயினுக்கு லெவல் பார்ப்பது இவ்வளவு முக்கியம்.

ஆனால் இது பாதிக் கதைதான். மீதி, நான் செய்த தப்பு. “பாட்டில் கொண்டுவந்திருக்கீங்களா?” என்று கேட்டார். நல்லவேளையாகப் பையில் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். இருங்கள், அந்தக் காலி பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன்... இதோ, அடியில் தெரிகிறதா? கோலமாவைத் தண்ணீரில் கரைத்து அப்படியே விட்டுவிட்டால் படியுமே, அதுபோல. அன்றைக்கு இதைவிட மொத்தமாக இருந்தது.

இது சிரப்பே இல்லை. சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து நிற்கிற மருந்து இல்லை. தூள் மிதக்கிற சஸ்பென்ஷன். வைத்தால் படிந்துவிடும். லேபிளில் குலுக்கிக் கொடுக்கவும் என்று இருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில், ஆங்கிலத்தில். நான் குலுக்கவே இல்லை. அதனால் பாட்டிலின் மேல்பாதியைக் கொடுத்த நாட்களில் குழந்தைக்குப் போனது பாதி தண்ணீர், லெவல் 8. அடிப்பாதிக்கு வந்தபோது ஒவ்வொரு வேளையும் கெட்டி மருந்து, அதுவும் கூட்டிய அளவில். போதாக்குறைக்கு சாயங்கால வேளையை அத்தை எவர்சில்வர் ஸ்பூனில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருக்கும் ஐந்து ஸ்பூனையும் பிறகு ஊசி போடாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அளந்து பார்த்தேன், ஒன்று பிடித்த அளவை இன்னொன்று பிடிக்கவில்லை.

அன்றிரவு அட்மிட் செய்தார்கள். டாக்டரே மருந்தை நிறுத்திவைத்து, லெவல் இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பையன் நேராக நடந்தான்.

விசில் எத்தனை ஆச்சு? மூன்றா? இருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.

ம், வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வருடத்தில் பையனுக்கு ஈறு தடித்துப் பல்லை மூட ஆரம்பித்தது. ஃபெனிடாயினில் அது வரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வால்புரோயேட்டுக்கு மாற்றினார்கள். இது நிஜமாகவே சிரப். இதற்கு 50 முதல் 100 வரை என்பார்கள்.

இங்கே இன்னொரு கூத்து. முதல் தடவை லெவல் எடுக்கும்போது லேபில் போனில் கேட்டேன், “வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க” என்றார்கள். நான் சோறு தண்ணீர் கொடுக்காமல், மருந்தை மட்டும் மறக்காமல் ஆறரைக்குக் கொடுத்து, எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தேன். 112 வந்தது. எனக்குப் பழைய 31 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க?” சிரப் குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அடுத்த வேளைக்குச் சற்று முன்னால், இருப்பதிலேயே குறைவாக இருக்கும் நேரத்து அளவை. நேற்று ராத்திரி மருந்து கொடுத்தாகிவிட்டது, காலை மருந்து இன்னும் கொடுக்கவில்லை, அந்த இடைவெளியில் எடுக்க வேண்டும். மறுவாரம் அப்படி எடுத்தோம், 68. அதே பையன், அதே மருந்து, அதே அளவு. வயிறு வெறுமையா இல்லையா என்பது இல்லை விஷயம், மருந்து உள்ளே போனதா இல்லையா என்பதுதான். லேபுக்குப் போன் செய்கிறவர்கள் இதைத் தனியாகக் கேளுங்கள். குழந்தை தள்ளாடுகிறது, மயக்கமாக இருக்கிறது என்று அவசரமாகக் கொண்டுபோனால் மட்டும் நேரமெல்லாம் பார்க்க மாட்டார்கள், உடனே எடுப்பார்கள்.

அந்த 68ஐ டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டார். எனக்குப் புரியவில்லை. லெவல் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு வட்டம்? “ஃபிட்ஸும் இல்ல, சோர்வும் இல்ல. இதுதான் இவன் நம்பர்” என்றார். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 50, 100 எல்லாம் பொதுக் கணக்கு. 40இலேயே ஃபிட்ஸ் இல்லாமல் விளையாடும் குழந்தைக்கு, எண் குறைவு என்பதற்காக மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை. 90இல் வகுப்பில் தூங்கி வழியும் குழந்தைக்கு, வரம்புக்குள் இருக்கிறது என்று சும்மா இருக்கவும் முடியாது. உலக அளவில் வலிப்பு நோய்க்கென்று இருக்கும் மருத்துவர் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது, ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவு உண்டு, அதைக் குறித்துவைத்துக்கொள் என்று.

வட்டம் போட்டதன் அருமை போன மாதம்தான் தெரிந்தது. ஒன்றரை வருடம் எதுவும் இல்லாமல் இருந்த பையனுக்கு மறுபடி ஃபிட்ஸ். அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு வேளை மருந்தை நான் மறந்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார். மறக்கவில்லை, இதோ நோட்டில் ஒவ்வொரு வேளைக்கும் டிக் இருக்கிறது. லெவல் எடுத்தோம், 46. பையனுடைய நம்பரிலிருந்து நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டர் அவனை எடை மெஷினில் ஏற்றினார். 22 கிலோ. மருந்து முடிவான அன்றைக்கு 17. வளர்ந்துவிட்டான், சிரப் அளவு மட்டும் வளரவில்லை. போதாததற்குக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாக இந்த மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும், அதனால் எடைக்கு எடை பார்த்தால் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் நாளை டெஸ்ட். கூட்டிய மறுநாளே எடுத்தால் பயனில்லை, ரத்தத்தில் நிலையாக நிற்கச் சில நாள் ஆகும். ஃபீனோபார்பிடோன் மாதிரி மெதுவாக வெளியேறும் மருந்துக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

வேறு மருந்து சேரும்போதும் லெவல் ஆடும். டிபி மாத்திரை ஐசோனியாசிட் ஃபெனிடாயினை ஏற்றிவிடும். ஆஸ்பத்திரியில் போடும் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி வால்புரோயேட்டை ஒன்றிரண்டு நாளிலேயே தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் நான் ஃபிட்ஸ் மருந்துப் பாட்டிலைக் கையில் கொண்டுபோவது இதனால்தான்.

லெவெடிராசெட்டம் கொடுக்கிறோம், டெஸ்டே எழுதித் தரவில்லையே என்று ஒரு அக்கா கேட்டிருந்தீர்கள். அந்த மருந்துக்குப் பொதுவாக லெவல் தேவைப்படுவதில்லை அக்கா, சிறுநீரகம் சரியில்லாத குழந்தை என்றால்தான் பார்ப்பார்கள். வால்புரோயேட்டுக்கே எங்கள் டாக்டர் மாதாமாதம் எடுக்கச் சொல்வதில்லை. ஃபிட்ஸ் வந்தால், தள்ளாடினால், மருந்து மாறினால், அப்போதுதான். சும்மா சும்மா குழந்தை கையில் ஊசி குத்தி என்ன ஆகப் போகிறது?

சரி, நாளைக்கு எடுத்துவைத்ததைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். சிரப் பாட்டில், சிரிஞ்ச், டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி வைக்க இடம், இந்த நோட்டு. ராத்திரி எட்டு மணி வேளையை எழுதியாகிவிட்டது. காலை ஏழேமுக்காலுக்கு ரத்தம். பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே லேப் பெஞ்சில் உட்காரவைத்து எட்டு மணி மருந்தைக் கொடுத்துவிடுவேன். போன தடவை இட்லி முதலில், மருந்து பிறகு என்று பேரம் பேசினான். பார்ப்போம், நாளைக்கு யார் ஜெயிக்கிறோம் என்று.