ஒரு ஏக்கர் புல்லும் ஒரு நீச்சல் குளமும்

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கும் வணக்கம். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசியவர், பேசி முடித்ததிலிருந்து மூன்று பாட்டிலைக் காலி செய்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். கணக்கு டீச்சர் புத்தி, விடாது.

பல்கலைக்கழக வளாகத்தில் விளையாட்டரங்கையும் நீச்சல் குளத்தையும் பெரிதாக்குவது தேவையா, தண்டச் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை என்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அரங்கத்தை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மேடையிலிருந்து அந்தப் பின்வாசல் வரை 25 மீட்டர் இருக்கும். அவ்வளவு தூரம் நீந்திக் கரையேறத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள்.

பார்த்தீர்களா நடுவர் அவர்களே? பின்வரிசையில் நரைத்த தலைக்காரர்கள் பாதிப்பேர் தூக்கிவிட்டார்கள். முன்வரிசையில் எம்.எஸ்சி., எம்.டெக். பிள்ளைகள்... ஒன்று, இரண்டு, மூன்று. தம்பி, நீ கை தூக்குகிறாயா, காதைச் சொறிகிறாயா? சரி, மூன்றுதான். பெண்கள் பக்கம் ஒரே ஒரு கை. என் வழக்கு இந்தக் கைகளில்தான் இருக்கிறது.

அண்ணன் கேட்டார்: "நம் தாத்தா எந்த நீச்சல் குளத்துக்குப் பணம் கட்டிக் கற்றார்?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். தாத்தாவை இடுப்பில் கயிறு கட்டி, சுரைக்குடுக்கையைச் சேர்த்துக் கட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். கற்றுக்கொண்டார். சங்க காலத்திலேயே ஒரு கிழவர், தடியூன்றி இருமிக்கொண்டே, மருதமரக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை எண்ணி ஏங்கியிருக்கிறார். ஆக, தாத்தா விஷயத்தில் நமக்குள் சண்டையே இல்லை. பாட்டி எங்கே கற்றார், அண்ணே?

நான் அரசலாற்றங்கரைக்காரி. பதினோரு வயதுவரை என் அண்ணனோடு போட்டி போட்டு ஆற்றில் குதித்தவள். பன்னிரண்டாம் வயதில் பெரியவளாகிவிட்டேன் என்று குச்சிலுக்குள் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு நின்றது. அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஆறு, எனக்கு வாளி. மறுபடி தண்ணீரில் இறங்கியபோது எனக்கு வயது 38. சென்னையில் ஒரு குளம்; காலையில் ஒரு மணி நேரம் மகளிருக்கு மட்டும். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு 22 வயது இருக்கும். "மேடம், மூச்சப் புடிச்சு வெச்சுக்காதீங்க, தண்ணிக்குள்ள ஊதி விடுங்க" என்பாள். இருபத்தாறு வருஷம் பிடித்து வைத்திருந்த மூச்சு, அவ்வளவு சுலபத்தில் விடுமா? ஒரு வாரம் ஆயிற்று.

இன்றைக்கு அந்தத் தாத்தாவின் பேரனுக்கும் இதே கதைதான். கிணறு இருந்த இடத்தில் போர்வெல் மோட்டார் ஓடுகிறது. ஊர்க்குளம் இருந்த இடத்தில் பேருந்து நிலையம். மணல் அள்ளிய ஆற்றில் எங்கே முழங்கால் ஆழம், எங்கே ஆளை விழுங்கும் பள்ளம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியவில்லை. இந்தியாவில் நீரில் மூழ்கி ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டுங்கள். லீவு நாளில் நண்பர்களோடு ஆற்றுக்குப் போன கல்லூரி மாணவன் என்று செய்தி வருகிறதே, அந்தப் பையன் இயற்பியலில் திரவ அழுத்தம் படித்து மதிப்பெண் வாங்கியவனாகத்தான் இருப்பான்.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். அண்ணன் 2019-ஐ நினைவூட்டினார். சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு. நானும் குடத்தோடு வரிசையில் நின்றவள்தான். "ஒலிம்பிக் குளத்துக்கு இருநூறு லாரித் தண்ணீர்!" என்றார். சரியான கணக்கு, மறுக்கவில்லை. 50 மீட்டர் நீளம், 25 அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 208 நடை. ஆனால் ஒலிம்பிக் குளம் யார் கேட்டது? போட்டி நடத்த 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கிறது. நான் கேட்பது பழகும் குளம். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். நாலேகால் லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 37 லாரி.

அதுவும் தினமும் கொட்டி நிரப்புவதில்லை. மணல் வடிகட்டியில் சுற்றிச் சுற்றி வரும், குளோரின் சேரும், அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் கிடக்கும். தினசரி இழப்பு வெயில் குடிப்பதுதான். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 1,562 லிட்டர். தலைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவில் பார்த்தால், விடுதியில் 12 பிள்ளைகள் கூடுதலாகத் தங்கியது போல. வடிகட்டியைக் கழுவும் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் குளோரின் போகவிட்டு அதையும் மரத்துக்குப் பாய்ச்சலாம்.

அடுத்ததைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே. நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு புல்தரை இருக்கிறது, 'நடக்காதீர்' பலகையோடு. ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதே வெயில், அதே 5 மில்லிமீட்டர். நாளொன்றுக்கு 20,000 லிட்டர்! பதின்மூன்று குளம் குடிப்பதை ஒரு புல்தரை குடிக்கிறது. அதில் யாரும் விளையாட முடியாது, உட்கார முடியாது. எந்தப் பட்டிமன்றத்திலாவது புல்லுக்கு எதிராக ஒரு அணி பேசியதுண்டா?

(உட்காருங்கள் அண்ணே, இன்னும் இருக்கிறது.)

அவர் துருப்புச்சீட்டு லூசியானா. அமெரிக்காவில் லூசியானா அரசுப் பல்கலைக்கழகம், மாநில நிதி வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாணவர் கட்டணத்தை வைத்து 85 மில்லியன் டாலரில் உடற்பயிற்சி வளாகத்தைப் பெரிதாக்கியது. நம் பணத்தில் 500 கோடிக்கு மேல். அதில் ஒரு செயற்கை ஆறு; பல்கலைக்கழகப் பெயரின் மூன்று எழுத்து வடிவத்தில் வளைந்து ஓடும். மிதவையில் படுத்தால் போதும், தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும். அதே வளாகத்தில் நூலகம் ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'சோம்பேறி ஆறு'. அதில் படுப்பதற்கு நீச்சல் எதற்கு? மாணவரைப் பிடித்திழுக்க அங்கே கேளிக்கை கட்டினார்கள். அதைக் காட்டி எங்கள் பிள்ளைகளின் குளத்தை மூடச் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் பிரியாணி தின்று வயிறு கெட்டதற்கு நம் வீட்டில் சோறு வடிக்காதே என்பது போல.

நூலகமா குளமா என்றும் கேட்டார். ஹார்வர்டில் வைடனர் நூலகம் என்று ஒரு பெரிய நூலகம். 1912-ல் டைட்டானிக்கில் மூழ்கி இறந்த மகனின் நினைவாக அவன் தாய் கட்டிக்கொடுத்தது, 1915-ல் திறந்தார்கள். 'மாணவர் எல்லோரும் நீச்சல் தேர்வில் தேற வேண்டும்' என்று அந்தத் தாய் நிபந்தனை போட்டதாக ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை. ஆனால் அதே ஊரில் எம்.ஐ.டி. இருக்கிறதே, அங்கே நடப்பது கட்டுக்கதை இல்லை. இளநிலைப் பட்டம் வேண்டுமானால் 100 கெஜம் நீந்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும். பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகம் 2017-ல் 50 மீட்டர் நீச்சலைப் பட்டத்துக்குக் கட்டாயமாக்கியது. இந்த இரண்டு இடத்திலும் நூலகத்தைப் பூட்டிவிட்டா குளத்தைத் திறந்தார்கள்?

"விளையாட்டுக்குத்தான் தனிக் கல்லூரி இருக்கிறதே" என்றார் இரண்டாவதாகப் பேசிய தம்பி. இருக்கிறது. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் நூறாண்டு தாண்டி நிற்கிறது. அது ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பும் இடம். அனுப்பிய ஆசிரியர் போய் நிற்க ஒரு மைதானம் வேண்டாமா, தம்பி?

பதக்கத்தைப் பற்றியும் கேலி செய்தீர்கள். சஜன் பிரகாஷ் கேரளத்துக்காரர். தாய்க்கு நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தில் வேலை, அதனால் பிள்ளை நீந்தப் பழகியது நெய்வேலியில். 2021-ல் ரோமில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி எல்லை 1:56.48. விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில், இந்தியாவில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் நீச்சல்காரர் ஆனார். சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஒலிம்பிக்குக்கு ஆள் தேடியா குளம் வைத்தார்கள்? பிள்ளைகள் பழகட்டும் என்று வைத்ததுதான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்; எங்கள் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. பிறகு தண்ணீர் வந்தது, பாசியும் வந்தது. மோட்டார் பழுது, பயிற்சியாளர் பணியிடம் காலி, கல்வெட்டில் மட்டும் பெயர் பளபள என்று இருந்தது. அப்படிக் கட்டுவதானால் கட்டவே வேண்டாம். பம்பு இயக்குநருக்கும், உயிர்காப்பாளருக்கும், ஒரு பெண் பயிற்சியாளருக்கும் சம்பளத்தை முதலில் எழுதுங்கள். அப்புறம் செங்கல் வாங்கலாம். மறுபடி ஒரு 2019 வந்தால் குளத்தை மூடுங்கள், பூட்டு நானே வாங்கித் தருகிறேன்.

பெரிதாக்குவது என்றால் சிமென்ட் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். மைதானம் ஆறு மணிக்கு மூடுகிறது. ஆய்வகம் ஐந்தரைக்கு முடிகிறது. மகளிர் விடுதிக் கதவு ஆறரைக்கு. ஒரு பெண் எப்போது ஓடுவாள்? நாலு விளக்குக் கம்பம் நட்டு, விடுதி நேரத்தை எட்டரை ஆக்கினால் ஒரு சதுர அடி கூடக் கட்டாமல் மைதானம் இரண்டு மடங்காகிவிடும். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட எந்த டெண்டரும்...

மணி அடித்துவிட்டீர்கள். சரி நடுவர் அவர்களே, புல்தரைக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பதிவாளர் முதல் வரிசையிலேயே இருக்கிறார். அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.