மணலில் கிடக்கும் ஆணை

நேயர்களுக்கு வணக்கம்.

1818 ஜனவரி 11 அன்று இலண்டனின் ‘எக்ஸாமினர்’ வார இதழில், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி புனைபெயரில் எழுதிய ‘ஓசிமாண்டியாஸ்’ என்ற பதினான்கு வரிக் கவிதை வெளிவந்தது. எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்செசைக் கிரேக்கர்கள் அப்பெயரால் அழைத்தார்கள். நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவில் சிறைப்பட்டிருக்க, ஐரோப்பாவின் பழைய அரச குடும்பங்கள் மீண்டும் அரியணை ஏறி அமர்ந்திருந்த காலம் அது.

நெப்போலியன் 1814இல் முடிதுறந்தபோதே மற்றொரு ஆங்கிலக் கவிஞரான பைரன் ஒரு பாடல் எழுதினார். நேற்று மன்னனாக இருந்தவன் இன்று பெயரற்ற ஒரு பொருளாகிவிட்டானே என்று அதில் குமுறுகிறார். நம்பி ஏமாந்தவரின் கோபமாகவே அது எனக்குப் படுகிறது. ஷெல்லியோ கோபத்தைக் காட்டாமல் மன்னனையே பேச விடுகிறார்.

பாலைவனத்தில் கல்லால் ஆன இரண்டு பெரிய கால்கள் உடலின்றி நிற்கின்றன. அருகே மணலில் பாதி புதைந்து கிடக்கும் முகம் உடைந்துபோன பின்னும், நெரித்த புருவமும் ஆணையிட்டே பழகிய உதடுகளின் ஏளனமும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தச் செருக்கைக் கண்டறிந்து கல்லில் பதித்தவன் பெயர் தெரியாத ஒரு சிற்பி. பீடத்திலோ, மன்னர்க்கு மன்னன் நான், வலியோரே, என் செயல்களைக் கண்டு நம்பிக்கை இழந்துபோங்கள் என்று எழுதியிருக்கிறது. சுற்றிலும் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அம்மன்னனின் சிலையில் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் குறித்துவைத்த வாசகம் இதுவன்று. என் பெருமையை அறிய விரும்புபவன் என் செயல்களில் ஒன்றையேனும் விஞ்சிக் காட்டட்டும் என்பதே அங்குள்ள அறைகூவல். அதை அப்படியே எடுத்தாண்டிருந்தால், செயல்கள் அழிந்ததும் சொல்லும் செத்திருக்கும். ஷெல்லி அதை ஆணையாக மாற்றியதால், கோட்டையும் கொத்தளமும் போன பிறகும் அந்த வாசகம் உயிரோடு இருந்து, மன்னன் கனவிலும் நினைத்திராத காரணத்துக்காக வலியோரை நம்பிக்கை இழக்கச் சொல்கிறது. அவனை வீழ்த்தக் கவிஞர் தம் சொல் ஒன்றைக்கூடச் செலவிடவில்லை. போட்டியாக இதே பொருளில் எழுதிய நண்பர் ஹோரஸ் ஸ்மித், ஒருநாள் இலண்டனும் இப்படிப் பாழாகும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். ஷெல்லி இலண்டனின் பெயரை எடுக்கவே இல்லை.

எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. எக்ஸாமினரின் ஆசிரியர் லீ ஹன்ட், மனநலம் குன்றிய மூன்றாம் ஜார்ஜுக்குப் பதிலாக நாட்டை ஆண்ட இளவரசரைக் கண்டித்து எழுதியதற்காக இரண்டாண்டு சிறையில் இருந்தவர். அந்த இளவரசரே அப்போதும் ஆட்சியில் இருந்தார். அவ்விதழைக் கையிலெடுத்த வாசகருக்கு, ‘வலியோரே’ என்ற விளி எகிப்தோடு நின்றிருக்காது என்றே நான் நம்புகிறேன்.