உள்ளேன் ஐயா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டம் இப்போதுதான் முடிந்தது. வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்ததில் தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்தவள். பணி ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பென்ஷன் பற்றிப் பேசும்போதெல்லாம் பல நாடுகளில் இருந்து கேள்வி வருகிறது. அதனால் இன்று ஒரு நாட்டின் விதிமுறையை மட்டும் வைத்துக்கொண்டு பேசவில்லை. எங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்றிருந்தாலும், பென்ஷன் விதி மாறினால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற கவலை.

எங்கள் கூட்டம் வருகைப்பதிவோடுதான் தொடங்கும். செயலாளர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். நாங்கள் "உள்ளேன் ஐயா" என்போம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகள் வாயால் கேட்ட சொல்லை, எழுபது எண்பது வயதில் நாங்களே சொல்கிறோம். பதில் வராத பெயருக்கு நேரே செயலாளர் ஒரு புள்ளி வைப்பார். தொடர்ந்து இரண்டு புள்ளி விழுந்தால், இரண்டு பேர் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனில் விசாரித்தால் போதாது.

இந்த ஏற்பாடு முன்பு எங்களிடம் இல்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் வரிசையாக மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு முதல் தலைமையாசிரியர் அவர்தான். வயது 86. "மகன் வீட்டுக்குப் போயிருப்பார்" என்று யாரோ சொன்னார்கள். நாங்களும் அதை அப்படியே நம்பிவிட்டோம். நான்காவது மாதம் மனசு கேட்காமல் நானும் ஒரு தமிழாசிரியரும் போனோம். சார் வீட்டில்தான் இருந்தார். நான்கு மாதமாக அவருக்குப் பென்ஷன் வரவில்லை.

பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும் இல்லையா, அதில்தான் சிக்கல். அந்த முறை விரல்ரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயதானால் விரல் தோல் தேய்ந்து ரேகை மங்கிவிடும், கருவி பிடிக்காது. சார் மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். பதியவில்லை. கவுன்டரில் இருந்தவர் "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். வேறு வழி இருக்கிறது, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டும் கொடுக்கலாம் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் இருக்கிறேன் என்று நானே நேரில் போய்ச் சொன்னேன் அம்மா. மெஷின் இல்லை என்றது. அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது?"

மறுநாளே அவரை அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். ஆறு வாரத்தில் நிலுவை மொத்தமும் வந்துவிட்டது. ஆனால் அந்த நான்கு மாதம் அவர் மருந்தைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். அதைப் பிறகுதான் சொன்னார். நாங்கள் மாதா மாதம் கூடிப் பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பென்ஷன் மாற்றம் என்றவுடன் எல்லோரும் தொகை குறையுமா என்றுதான் கேட்கிறார்கள். சில சமயம் தொகை அப்படியே இருக்கும், வாங்குகிற வழி மட்டும் மாறிவிடும். அதுவும் மாற்றம்தான். வயதில் மூத்தவர்களை முதலில் அடிப்பது அதுதான்.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாடு முழுவதும் ஒன்று சேர்ந்ததற்கே இப்படி ஒரு தேடல் காரணமாக இருந்திருக்கிறது. எத்தெல் பெர்சி ஆண்ட்ரஸ் என்று ஓர் அம்மையார், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உயர்நிலைப் பள்ளி முதல்வராக 1916 முதல் 1944 வரை இருந்தவர். தாயைக் கவனித்துக்கொள்வதற்காக ஓய்வு பெற்றார். கிடைத்த ஓய்வூதியம் மாதம் 60 டாலர் சொச்சம். பிறகு கலிபோர்னியாவின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சங்கத்தில் நலப் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு பழைய ஆசிரியை எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போகிறார். அந்த ஆசிரியை கோழிக் கொட்டகையில் குடியிருந்தார்! ஓய்வூதியத்தில் வேறு இடம் கட்டுப்படியாகவில்லை.

ஆண்ட்ரஸ் அதோடு விடவில்லை. 1947இல் தேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சங்கத்தைத் தொடங்கினார். வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுக்க முடியாது என்று நிறுவனங்கள் வரிசையாகக் கதவைச் சாத்தின. விடாமல் தட்டி 1956இல் ஆசிரியர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்தார். மற்ற தொழிலில் இருந்தவர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, 1958இல் ஏ.ஏ.ஆர்.பி. என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் முதியோருக்கான மிகப் பெரிய அமைப்பு அது. ஒருவர் எப்படி இருக்கிறாரோ என்று தேடிப் போனார், அங்கிருந்து பிறந்தது இவ்வளவும்.

சரி, இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக எல்லோர் போனிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. "பென்ஷன் விதிகள் மாறுகின்றன, உடனே பகிரவும்." தேதி இல்லை, ஆணை எண் இல்லை. ஒரே பதற்றம். ஓர் ஆசிரியை இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார். நான் எழுந்து கரும்பலகைக்குப் போய்விட்டேன். இப்படிச் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியும் ஆணை எண்ணும். அது இல்லாததை யாருக்கும் அனுப்பாதீர்கள். நமக்குப் பின்னால் இருக்கிற 85 வயதுக்காரர் அதைப் படித்துவிட்டு ராத்திரி என்ன பாடுபடுவார் என்று யோசியுங்கள்.

உண்மையான ஆணை என்றால், அது பழைய ஓய்வூதியர்களுக்கா, இனி ஓய்வு பெறுகிறவர்களுக்கா, இனி வேலைக்குச் சேர்கிறவர்களுக்கா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் பெரிய மாற்றம் வரும். கடைசிச் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் வைத்து இவ்வளவு என்று உறுதி சொல்கிற முறை ஒன்று. மாதா மாதம் பிடித்து முதலீடு செய்து, சேர்ந்ததை வைத்துக் கொடுக்கிற முறை இன்னொன்று. சிலி நாடு 1981இல் இரண்டாவது முறைக்குப் போனது. இந்தியாவில் 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ராணுவத்தினர் நீங்கலாக, அதற்குள் வந்தார்கள். பிறகு உறுதி வேண்டும் என்ற குரல் ஓயாமல், 2025 ஏப்ரல் 1 முதல் 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்குக் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தையும் கொண்டுவந்தார்கள். "அது இளையவர்கள் விஷயம், நமக்கென்ன" என்று ஒரு சார் கேட்டார். நாம் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்தானே சார் இன்றைக்கு அந்த வகுப்புகளில் நிற்கிறார்கள்?

நமக்கே நேரடியாக வலிக்கக்கூடியது விலைவாசிப் படி, அதாவது விலை ஏறுவதற்கேற்பப் பென்ஷனோடு சேர்த்துக் கொடுக்கிற தொகை. இதைத்தான் பலகையில் நிதானமாகப் போட்டுக் காட்டினேன், உங்களுக்கும் சொல்கிறேன். 72 என்ற எண்ணை விலையேற்ற சதவீதத்தால் வகுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 72ஐ நாலால் வகுத்தால் 18. பென்ஷன் ஏறாமல் அப்படியே நின்றால் 18 ஆண்டில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 78 வயதில் பாதி. ஆறு சதவீதம் என்றால் பன்னிரண்டே ஆண்டில் பாதி.

படி ஏறுகிறது, ஆனால் கொஞ்சம் குறைவாக ஏறுகிறது என்றால்? அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பிரிட்டனில் 2011 ஏப்ரலில் ஆசிரியர்கள் உட்பட அரசுத் துறை ஓய்வூதியங்களை உயர்த்தும் அளவுகோலை மாற்றினார்கள். ஆர்.பி.ஐ. என்ற விலைக் குறியீட்டுக்குப் பதில் சி.பி.ஐ. இரண்டும் விலைவாசியை அளப்பவைதான், ஆனால் இரண்டாவது பெரும்பாலும் குறைவாகக் காட்டும். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் 20 ஆண்டில் 181 ஆகும். 2 சதவீதம் ஏறினால் 149தான். முதல் ஆண்டில் வித்தியாசம் வெறும் ஒன்று, யாரும் கவனிக்க மாட்டார்கள். இருபதாம் ஆண்டில் 32! அடியைத் தாங்க முடியாத வயதில்தான் அந்த அடி விழுகிறது. ஆணை வந்தால் படி எந்தக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

தேதியையும் பாருங்கள். இந்தத் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்று, பின் ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு ஒன்று என்று கோடு போடுவார்கள். இந்தியாவில் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தாராளமான கணக்கு என்று ஒரு கோடு போட்டார்கள். நகாரா என்ற ஓய்வூதியரின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை இல்லை, செய்த பணிக்கான உரிமை என்றது. அங்கே டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். பிரிட்டனிலும் 2015இல் வந்த அரசுத் துறை ஓய்வூதிய மாற்றத்தில் வயதை வைத்துக் கோடு போட்டது பாகுபாடு என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் தொடுத்த வழக்கு அது. பரிகாரம் ஆசிரியர்களுக்கும் வந்தது.

"கேட்டு என்ன ஆகப்போகிறது" என்று சலித்துக்கொள்கிறவர்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க ஆசிரியர்கள் கதையைச் சொன்னேன். அங்கே பல மாநிலங்களில் ஆசிரியர்களுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. அதைக் காரணம் காட்டி, கணவனோ மனைவியோ இறந்தபின் வரவேண்டிய சமூகப் பாதுகாப்பு என்ற அரசு ஓய்வூதியத் திட்டத் தொகையை வெட்டும் விதி 1977இலும், தாங்களே வேறு வேலையில் சம்பாதித்த தொகையை வெட்டும் விதி 1983இலும் வந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள், நேரில் போனார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். 2025 ஜனவரி 5 அன்று இரண்டு விதிகளையும் நீக்கும் சட்டம் கையெழுத்தானது. பயன் பெற்றவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். முதல் விதிக்கு 47 ஆண்டுக் காத்திருப்பு. முதல் கடிதம் எழுதிய எத்தனையோ பேர் அந்த நாளைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் அதே கடிதத்தைத் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. சில இடங்களில் வயது ஏற ஏறக் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. இந்திய மத்திய அரசு விதியில் 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதில் இரட்டிப்பு. ஆனால் பதிவில் பிறந்த தேதி தவறாக இருந்தாலோ விடுபட்டிருந்தாலோ அது தானாக வந்துவிடாது. போய்க் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவருக்கு அப்போது 80 வயது! குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நிலை இன்னும் மோசம். ஆசிரியராக இருந்தவர் போய்விட்டார், கூட்டத்துக்கு வந்துபோன தொடர்பும் அவரோடு போய்விட்டது. அந்த அம்மாவுக்கோ ஐயாவுக்கோ என்ன வர வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. இன்று நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம், அவர்கள் பெயரையும் வருகைப்பதிவில் சேர்த்துவிட்டோம். பதினோரு பெயர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களும் "உள்ளேன் ஐயா" சொல்வார்கள்.

இன்றைய பதிவேட்டில் இரண்டாவது புள்ளி விழுந்தது ஒரு ஓவிய ஆசிரியைக்கு. வயது 82. போன் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு நானும் செயலாளரும் போகிறோம். சான்றுப் படிவம் ஒன்று, அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள், எங்கள் இரண்டு பேர் போன் எண்கள் எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். போய் வந்ததும் அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்கிறேன். வணக்கம்.