அண்டங்காக்கையாக வந்த பார்ட்

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் முடியும்போது அமெரிக்காவில் ஹாலோவீன் வரும். பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற இரவு அது. அதையொட்டி அங்கே தொலைக்காட்சியில் வருகிற ஒரு கார்ட்டூனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பேய்க்கதைச் சிறப்புப் பகுதி, 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்'. முதலாவது 1990 அக்டோபர் 25 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பிறகு எத்தனையோ வந்துவிட்டன. என் மனதில் நிற்பது அந்த முதலாவதுதான்.

சிம்ப்சன் குடும்பத்தின் அம்மா மார்ஜ் திரைக்கு முன்னால் வந்து நின்று, இது பயங்கரமாக இருக்கும், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள் என்கிறாள். 1931இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படமும் இப்படி ஓர் எச்சரிக்கையோடுதான் தொடங்கும். அப்புறம் மரவீடு. மகன் பார்ட்டும் மகள் லிசாவும் மாறி மாறிப் பேய்க்கதை சொல்கிறார்கள். அப்பா ஹோமர் வெளியே ஒளிந்து நின்று கேட்கிறார்.

கதைகள் மூன்று. முதல் கதையில் பேய் பிடித்த வீடு ஒன்று, இந்தக் குடும்பத்தோடு வாழ்வதைவிட அழிந்துபோவதே மேல் என்று தன்னையே அழித்துக்கொள்கிறது. இரண்டாவதில் வேற்றுக் கிரகவாசிகள் குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போய் விதவிதமாக விருந்து வைக்கிறார்கள். லிசா கையில் ஒரு சமையல் புத்தகம் கிடைக்கிறது. 'மனிதர்களைச் சமைப்பது எப்படி' என்று அட்டையில் இருக்கிறது. தூசியை ஊத ஊதத் தலைப்பு மாறுகிறது. கடைசியில் பார்த்தால், 'நாற்பது மனிதர்களுக்குச் சமைப்பது எப்படி'! பாசத்தோடு சமைத்துப் போட்டவர்கள் மனம் நொந்துபோய் இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சந்தேகப்பட்டதால் ஒரு சொர்க்கமே கைநழுவிப் போகிறது. சிரித்து முடித்ததும் எனக்கு அந்த வருத்தம்தான் மிஞ்சியது.

மூன்றாவது கதைக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட 'தி ரேவன்' கவிதை அது. இறந்துபோன லெனோரை நினைத்து ஒருவன் நள்ளிரவில் தனியே உட்கார்ந்திருக்கிறான். ஓர் அண்டங்காக்கை உள்ளே வந்து, என்ன கேட்டாலும் 'நெவர்மோர்' என்ற ஒரே சொல்லைச் சொல்கிறது. 'இனி ஒருபோதும் இல்லை' என்று பொருள். புலம்புகிறவர் ஹோமர். காக்கைக்கு பார்ட்டின் முகம். சுவரில் இருக்கும் லெனோரின் படம் மார்ஜ்தான், அவளுடைய உயரமான கொண்டைக்கு மேலே இன்னொரு சட்டம் மாட்டியிருக்கிறார்கள்.

கவிதையை வாசிப்பவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர். கிணற்றடியிலிருந்து எழுந்து வருவது போன்ற குரல். அவர் ஒரு வரி சொல்ல, ஹோமராக டான் காஸ்டெல்லனேட்டா அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறார். இந்தக் கதையை இயக்கியவர் டேவிட் சில்வர்மன். போவின் வரிகளைக் கேலிப் பாட்டாக மாற்றாமல் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடையில் காக்கை 'நெவர்மோர்' சொல்லாமல், பார்ட் வழக்கமாகச் சொல்லும் 'ஈட் மை ஷார்ட்ஸ்' என்கிறது. உடனே மரவீட்டில் லிசா தடுக்கிறாள்: அது 'நெவர்மோர்' மட்டும்தான் சொல்லும், வேறு எதுவும் சொல்லாது என்று. கவிதையை அந்தச் சிறுமி அப்படிக் காப்பாற்றுகிறாள். வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பகுதியைக் கேளுங்கள். படமே இல்லாமலும் அந்த அறையின் குளிர் உங்களைத் தொடும்.

கதை முடிந்ததும் பார்ட், இதில் பயப்பட ஒன்றுமே இல்லையே என்கிறான். 1845இல் எழுதியது, அந்தக் காலத்து மனிதர்கள் சுலபமாகப் பயந்திருக்கலாம் என்கிறாள் லிசா. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். ஒளிந்து கேட்ட ஹோமருக்குத்தான் தூக்கம் வரவில்லை. விளக்கை அணைக்காதே என்று மார்ஜிடம் கெஞ்சுகிறார். ஜன்னலுக்கு வெளியே, பார்ட்டின் முகத்தோடு, அந்தக் காக்கை.